கொட்டில் கூட்டும் நாளில் இருமலும் இரவில் காய்ச்சலும்: கோழித் தூசியிலிருந்து வேலையாட்களை எப்படிக் காப்பாற்றுவது?

கனகராயன்குளத்துப் பண்ணை எழுதியது:

வணக்கம் உறவுகளே. இறைச்சிக் கோழி வளர்க்கிற எல்லோரிடமும் ஒரு கேள்வி. கோழிகளை லொறியில் ஏற்றி அனுப்பிய பிறகு, கொட்டிலைக் கூட்டி எருவைச் சாக்கில் கட்டும் வேலையை உங்களிடத்தில் எப்படிச் செய்கிறீர்கள்?

எங்களிடம் அந்த வேலைக்கு ஊரிலுள்ள பெண்கள்தான் நாட்கூலிக்கு வருகிறார்கள். தும்புத்தடியால் கூட்டுவார்கள், மண்வெட்டியால் அள்ளுவார்கள், ஒருவர் சாக்கின் வாயைப் பிடிக்க மற்றவர் கொட்டுவார். வறண்ட சோளகக் காற்றுக் காலத்தில், தரையில் விரித்த உமி எலும்பாகக் காய்ந்து கிடக்கும். உள்ளே நிற்பவரின் முகம் வாசலில் நிற்கும் எனக்குத் தெரியாத அளவுக்குத் தூசி எழும்பும். சேலைத் தலைப்பால் மூக்கைச் சுற்றிக்கொண்டு வேலை செய்வார்கள்.

போன முறை அப்படி வேலை செய்த ஓர் அக்காவுக்கு அன்று இரவே குளிரும் காய்ச்சலும் உடல் உளைவும் வந்துவிட்டன. டெங்கோ எலிக்காய்ச்சலோ என்று பயந்து வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை, இரண்டாம் நாளே எழுந்துவிட்டார். ஆனால் “கொட்டில் கூட்டினால் எனக்கு ஒவ்வொரு முறையும் இப்படித்தான் தம்பி, இது வழக்கம்” என்று அவர் சொன்னதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஒரு வேலை ஒவ்வொரு முறையும் ஒருவரைப் படுக்கையில் தள்ளுகிறது என்றால் அதை வழக்கம் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. இது உண்மையில் என்ன? எப்படித் தடுப்பது? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கள்.

---

அக்கராயன் விவசாயி எழுதியது:

தம்பி, நான் இடப்பெயர்வுக்கு முன்பிருந்தே கோழி வளர்க்கிறவன். தூசி இல்லாமல் கோழிக் கொட்டில் கிடையாது. நெல்லுத் தூற்றினாலும் தூசிதான், சூடு அடித்தாலும் தூசிதான். துவாயை நனைத்து மூக்கில் கட்டச் சொல்லுங்கள், வேலை முடிந்ததும் கிணற்றடியில் நன்றாகக் குளிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டச் சொல்லி யாராவது எழுதுவார்கள், அதை மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஈரப்பட்ட உமி கோழிக்கு எமன். அதில் கழிச்சல் நோய் பிடித்து ஒரு தொகுதி முழுவதையும் இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

---

இரவுப்பணித் தாதி எழுதியது:

கனகராயன்குளத்துத் தம்பி, நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. அக்கராயன் ஐயா கோபிக்கக் கூடாது, நெல்லுத் தூசியோடு இதை ஒப்பிட முடியாது என்றுதான் நான் சொல்வேன்.

கோழிக் கொட்டில் தூசியில் உமித்தூள் மட்டும் இல்லை. காய்ந்த எச்சம், சிறகுப் பொருக்கு, தோல் செதில், தீன் மாவு, பூஞ்சண வித்துக்கள், செள்ளு, பற்றீரியாக்கள் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. பற்றீரியா செத்த பிறகும் அதன் சுவரிலுள்ள என்டோடாக்சின் என்ற நச்சு தூசியில் தங்கிவிடும். அது சுவாசப்பையை அழற்சி கொள்ளச் செய்யும். கண்ணுக்குத் தெரிகிற பெரிய துகளை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் பிடித்துவிடும், அதைத் துப்பியும் விடுவோம். 4 மைக்ரோனுக்கு உட்பட்ட நுண்துகள்தான் சுவாசப்பையின் அடியிலுள்ள காற்றறைகள் வரை போகும். நமது தலைமுடியின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன் என்று வைத்துப் பாருங்கள். ஆகவே எழும்பிய தூசி அடங்கிவிட்டது, உள்ளே போகலாம் என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. நுண்துகள் காற்றில் நெடுநேரம் நிற்கும்.

அந்த அக்காவுக்கு வந்ததைக் கேட்டால், கரிமத் தூசியால், அதாவது உயிரினங்களிலிருந்தும் தாவரங்களிலிருந்தும் வருகிற தூசியால், உண்டாகிற நச்சுக் காய்ச்சல் போலத் தெரிகிறது. அதிகத் தூசியைச் சுவாசித்து 4 முதல் 8 மணி நேரத்துக்குள் குளிர், காய்ச்சல், உடல் உளைவு, வறட்டு இருமல், நெஞ்சிறுக்கம் வரும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாக விட்டுவிடும். ஒரே கொட்டிலில் நின்ற பலருக்கு ஒரே இரவில் வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. ஆனாலும் காய்ச்சல் வந்தால் தூசிதான் என்று வீட்டில் படுக்கக் கூடாது. நமது பகுதியில் டெங்கும் எலிக்காய்ச்சலும் இருக்கின்றன. வைத்தியரிடம் போக வேண்டும், போனால் “நேற்றுக் கோழிக் கொட்டில் கூட்டினேன்” என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் வருகிறவர்கள்தான் அதிகம். “என்ன வேலை?” என்று கேட்டால் “கூலி” என்பார்கள், அத்தோடு கதை முடிந்துவிடும்.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் மெல்ல மெல்ல வருகிற வருத்தங்கள். தூசிக்கு ஒவ்வாமை ஏற்பட்டு வருகிற தொய்வு (ஆஸ்துமா), ஆண்டுக்கணக்கில் விடாத சளி இருமல், சுவாசக் குழாய் அடைப்பு. இன்னொன்று, பறவைகளின் சிறகிலும் எச்சத்திலும் உள்ள புரதங்களுக்கு உடல் எதிர்ப்புக் காட்டி, சுவாசப்பையே தடித்துத் தழும்பேறிப் போவது. இது எல்லோருக்கும் வராது. வந்தவருக்குக் கொஞ்சத் தூசி பட்டாலும் திரும்பத் திரும்ப இருமலும் காய்ச்சலும் மூச்சு வாங்குதலும் வரும், உடல் மெலியும். அந்தத் தழும்பை மருந்தால் மாற்ற முடியாது. “ஒவ்வொரு முறையும் வழக்கம்” என்று அந்த அக்கா சொன்னதால், அவரை ஒருமுறை நெஞ்சு நோய் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பி மூச்சுத் திறன் பார்க்கச் சொல்லுங்கள். இருமல் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் அவசியம்.

வேலைக்குப் போகாத நாட்களில் மூச்சு லேசாகிறதா, திரும்பப் போனதும் இழுக்கிறதா என்று ஒவ்வொருவரும் தன்னைத்தானே கவனித்தால், வைத்தியருக்கு அதைவிடப் பெரிய துப்பு வேறில்லை.

---

முழங்காவில் அக்கா எழுதியது:

இதை வாசித்ததும் என் கை நடுங்குகிறது. எங்கள் பக்கத்தில் எரு கட்டும் வேலைக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் கணவனை இழந்த பெண்கள். நானும் போயிருக்கிறேன். கூலி சாக்குக் கணக்கில்தான். எவ்வளவு வேகமாகக் கட்டுகிறோமோ அவ்வளவு காசு. அதனால் யாரும் நின்று மூச்சு எடுக்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் பிள்ளைகளையும் சாக்குப் பிடிக்க அழைத்து வருவார்கள்.

சாக்கு கட்டுவதில் எது மோசம் தெரியுமா? அள்ளிக் கொட்டுவதுகூட அல்ல. சாக்கு நிரம்பியதும் இன்னும் கொஞ்சம் கொள்ள வேண்டும் என்று அதைத் தூக்கித் தரையில் இரண்டு முறை குத்துவார்கள். அந்தக் குத்தில் சாக்கின் வாயிலிருந்து புகை போல ஒரு தூசி நேராக முகத்துக்கு வரும். வாயைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறவருக்குத் தப்ப வழியே இல்லை. சாக்குப் பிடிக்கிறது பெரும்பாலும் பிள்ளைகள்.

தாதித் தங்கச்சிக்கு நன்றி. ஆனால் முகக்கவசம் போடு, கிளினிக் போ என்று எங்களுக்கு மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். சாக்குக் கணக்கில் கூலி கொடுக்கிறவர்களும் இதை வாசிக்க வேண்டும்.

---

வட்டக்கச்சியான் எழுதியது:

அக்கா சொன்னதுதான் மூலக்காரணம். நான் இப்போது இங்கிலாந்தில் இருக்கிறேன். வந்த புதிதில் கோழி பிடிக்கும் அணியில் வேலை செய்தேன், அதனால் இங்குள்ள நடைமுறையைச் சொல்கிறேன்.

பிரித்தானியாவில் கோழித் தூசியை உடல்நலத்துக்குத் தீங்கான பொருள் என்று சட்டமே சொல்கிறது. 8 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீற்றர் காற்றில் 10 மில்லிகிராம் சுவாசிக்கத்தக்க தூசி, அல்லது அடி நெஞ்சு வரை போகிற நுண்தூசி 4 மில்லிகிராம் இருந்தால், அபாயப் பொருட்களைக் கட்டுப்படுத்தும் விதிகள் அந்தத் தூசிக்கும் பொருந்தும். அந்த அளவுக்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்று அர்த்தம் அல்ல. இயன்ற மட்டும் குறைக்க வேண்டியது முதலாளியின் கடமை. எச்சத்திலிருந்து கிளம்புகிற அமோனியா வாயுவுக்கும் எல்லை உண்டு: 8 மணி நேரச் சராசரியாகக் காற்றில் பத்து இலட்சத்தில் 25 பங்கு, 15 நிமிடத்துக்கு 35 பங்கு.

ஆனால் எனக்கு மனதில் பதிந்தது இந்த இலக்கங்கள் அல்ல, ஒழுங்குமுறை. முதலில் தூசி எழும்பாமல் வேலையை மாற்ற முடியுமா என்று பார்ப்பார்கள். முடியாவிட்டால் ஆளைத் தூசியிலிருந்து தள்ளி வைக்க முடியுமா என்று பார்ப்பார்கள். இரண்டும் செய்த பிறகு மிஞ்சுகிறதற்குத்தான் முகக்கவசம். எங்களுடைய ஊரில் இந்த வரிசை தலைகீழாக நிற்கிறது. முகக்கவசத்தைக் கையில் கொடுத்துவிட்டால் முதலாளியின் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கிறோம்.

கோழி பிடிக்கும் வேளையிலும் தூசி அதிகம். பறவை மிரண்டு சிறகடித்தால் தரையிலுள்ள எல்லாம் மேலே வரும். அதனால் வெளிச்சத்தைக் குறைத்து, இரவிலோ விடியற்புறத்திலோ, சத்தம் போடாமல் பிடிப்போம். பறவைக்கும் நல்லது, நெஞ்சுக்கும் நல்லது. நமது ஊரில் டோர்ச் அடித்துக் கூச்சலிட்டுத் துரத்திப் பிடிப்பதை நிறுத்தினாலே பாதித் தூசி குறையும் என்று நினைக்கிறேன்.

---

அக்கராயன் விவசாயி எழுதியது:

தாதிப் பிள்ளை சொன்னதை இரண்டு முறை வாசித்தேன். நச்சுக் காய்ச்சல் பற்றி எனக்குத் தெரியாது, சொன்னதற்கு நன்றி. ஆனால் தண்ணீர் விடயத்தில் என் கேள்வி அப்படியே நிற்கிறது. நனைத்தால் உமி கட்டிபடும், அமோனியா நாற்றம் கண்ணை எரிக்கும், கோழியின் காலில் புண் வரும். இதற்கு யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள். அத்தோடு கோடையில் எங்கள் பக்கம் குடிக்கவே பவுசரில் தண்ணீர் வருகிறது. கொட்டிலுக்குத் தெளிக்க எங்கே போவது?

---

கால்நடைப் பக்கம் எழுதியது:

ஐயாவின் கேள்வி நியாயமானது. நான் கால்நடைத் துறையில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு வேறு நிலைகளை நாம் ஒன்றாகக் குழப்புகிறோம்.

கோழி உள்ளே இருக்கும்போது உமி அதிகம் நனையக் கூடாது, சரி. ஆனால் அதிகம் காயவும் கூடாது. ஈரப்பதன் 20 முதல் 25 வீதம் வரை இருப்பது நல்லது. கருவி ஒன்றும் தேவையில்லை. ஒரு கைப்பிடி உமியை அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் லேசாக ஒட்டி, பிறகு உதிர்ந்தால் சரியான பதம். உருண்டையாகவே நின்றால் ஈரம் கூடிவிட்டது. கையில் ஒட்டாமல் பொரிந்து கொட்டினால் தூசி எழும்பும் பதம். சோளகக் காலத்தில் நமது கொட்டில்களில் பெரும்பாலானவை இந்தக் கடைசிப் பதத்தில்தான் கிடக்கின்றன. நீர்த்தட்டுகளைச் சுற்றி மட்டும் சேறாக இருக்கும். அந்த ஈர உமியை அள்ளி வெளியே போட்டுவிட்டுப் புது உமி போடுங்கள். அமோனியா பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

கோழி போன பிறகு நிலை வேறு. காலில் புண் வர அங்கே கோழி இல்லை. எருவை எப்படியும் அள்ளத்தான் போகிறோம். அப்போது நனைப்பதற்கு என்ன தடை? கூட்டுவதற்கு முதல் நாள் மாலையில் மெல்லிய தூவானமாகத் தெளித்து இரவு முழுவதும் ஊற விடுங்கள். காலையில் அள்ளத் தொடங்குமுன் மேலே இன்னொரு முறை லேசாகத் தெளியுங்கள். வாளியால் ஊற்றினால் மேல்மட்டம் சேறாகும், அடி காய்ந்தே இருக்கும், தண்ணீரும் வீண். முதுகில் சுமந்து மருந்து தெளிக்கும் தாங்கியைப் பாவித்தால் கொஞ்சத் தண்ணீரே போதும். ஆனால் வயலுக்குப் பூச்சிமருந்து அடித்த தாங்கியைத் தயவுசெய்து பாவிக்காதீர்கள். அதன் எச்சம் மூச்சோடு போகும், எருவிலும் சேரும். தண்ணீருக்கென்று தனியாக ஒன்று வைத்திருங்கள்.

கடும் கோடையில் தண்ணீரே இல்லையென்றால், கொட்டிலைக் கூட்டும் நேரத்தையாவது மாற்றலாம். நடுப்பகலில் உமி பொரிந்து கிடக்கும்போது கூட்டாமல், பனி ஈரம் இருக்கிற அதிகாலையில் தொடங்குங்கள். தும்புத்தடியால் விசிறிக் கூட்டுவதை விட்டு, அகலமான மண்வெட்டியால் தரையோடு தள்ளிக் குவியுங்கள். இலை ஊதும் யந்திரத்தால் கொட்டில் வலையை ஊதிச் சுத்தம் செய்கிற பழக்கம் இப்போது சில இடங்களில் வந்திருக்கிறது. அதை உடனே நிறுத்த வேண்டும். வலையிலும் கூரைச் சட்டத்திலும் படிந்த தூசிதான் மிக நுண்ணியது. ஈரத் துணியால் துடையுங்கள், அல்லது தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

காற்றையும் பயன்படுத்தத் தெரிய வேண்டும். பக்கத் திரைகளையும் சாக்குகளையும் முழுவதும் சுருட்டி மேலே கட்டுங்கள். காற்று முகத்தில் அடிக்க நிற்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். முதுகில் அடிக்க நிற்பதும் அவ்வளவு நல்லதல்ல. நமது உடலைச் சுற்றிப் போகிற காற்று முன்னால் சுழன்று தூசியை மூக்கடிக்கே கொண்டுவரும். காற்று பக்கவாட்டில் போகும்படி நிற்பதே சிறந்தது.

தீன் பற்றியும் ஒரு வார்த்தை. தவிடு, சோளம், மீன்தூள் என்று வீட்டிலேயே மாத்தீன் கலக்கிறவர்கள் மூட்டையை இடுப்பு உயரத்தில் வைத்துக் கொட்டாதீர்கள். மூட்டையின் வாயைத் தீன் பெட்டிக்குள் தாழ்த்திப் பிடித்து மெல்ல விடுங்கள். குருணைத் தீன் தூசி குறைந்தது.

---

அக்கராயன் விவசாயி எழுதியது:

இப்போது விளங்குகிறது. கோழி போன பிறகு நனைப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. முதல் நாள் மாலையே ஊறவிடுவது நல்ல யோசனை. ஈர எரு பாரம் கூடும், சாக்குக்கு நிறை ஏறும். அதனால் முழங்காவில் பிள்ளை சொன்ன சாக்குக் கணக்குக் கூலியையும் நாம் மாற்றத்தான் வேண்டும். நான் இனி நாட்கூலியாகவே கொடுக்கப் போகிறேன். சாக்கை முக்கால் நிரப்பினால் போதும் என்றும் சொல்லிவிடுகிறேன். தரையில் குத்தத் தேவையிராது.

---

கனகராயன்குளத்துப் பண்ணை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முகக்கவசம் பற்றி இன்னும் தெளிவு வேண்டும். கொரோனாக் காலத்தில் வாங்கிய நீல நிறச் சத்திரசிகிச்சை முகக்கவசங்கள் ஒரு பெட்டி இருக்கின்றன. அவை போதுமா? போதாதென்றால் எதை வாங்குவது? எங்களிடம் வேலை செய்கிற ஒரு தம்பி கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போட்டுத் தாடி வளர்ப்பார். அவருக்கு என்ன செய்வது?

---

வட்டக்கச்சியான் எழுதியது:

நீல முகக்கவசம் போதாது. அது அணிந்தவரின் எச்சில் துளி மற்றவர் மேல் படாமல் இருக்கச் செய்தது. கன்னத்துக்கும் துணிக்கும் நடுவே இடைவெளி இருப்பதால், மூச்சை இழுக்கும்போது தூசி அந்தப் பக்க வழியாகத்தான் நுழையும். நனைத்த துவாயும் அப்படியே. பெரிய துகளைப் பிடிக்கும், நுண்துகளை விட்டுவிடும். துவாய் கட்டினால் பாதுகாப்பு என்று நம்பி அதிக நேரம் உள்ளே நிற்பதுதான் ஆபத்து.

நுண்துகளையும் வடிகட்டுகிற, என்-95 அல்லது எஃப்.எஃப்.பி.-2 என்று தரம் அச்சிட்ட முகக்கவசம் வாங்குங்கள். எஃப்.எஃப்.பி.-3 கிடைத்தால் இன்னும் நல்லது. எங்களுக்கு இங்கே அதைத்தான் கொடுத்தார்கள். காதில் மாட்டுகிற வகையை விட, தலைக்குப் பின்னால் இரண்டு பட்டி போகிற வகை முகத்தோடு இறுக்கமாக ஒட்டும். மேல் பட்டி உச்சிக்குப் பின்னால், கீழ்ப் பட்டி காதுக்குக் கீழே கழுத்தில். பெண்கள் கொண்டையின் மேல் இரண்டு பட்டியையும் ஒன்றாகப் போட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன், அப்படிப் போட்டால் தாடைப் பக்கம் திறந்துவிடும். மூக்கின் மேலுள்ள கம்பியை இரு கை விரல்களாலும் அழுத்திப் படிய வையுங்கள். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் முகக்கவசத்தை மூடிப் பலமாக ஊதிப் பாருங்கள். கண் பக்கமோ கன்னத்திலோ காற்றுக் கசிந்தால் திரும்பச் சரி செய்ய வேண்டும். வெக்கைக்கு, மூச்சு விடும் வால்வு வைத்தது நல்லது.

தாடி இருந்தால் இந்த வகை எதுவும் ஒட்டாது. இரண்டு நாள் முளைத்த மயிரே இடைவெளி விடும். விரதத்துக்குத் தாடி வளர்க்கிறவரிடம் மழிக்கச் சொல்வது முறையல்ல, சொல்லவும் வேண்டாம். அந்த நாட்களில் அவருக்குக் கொட்டிலுக்கு வெளியே வேலை கொடுங்கள். சமய நெறியில் தாடி வைத்திருக்கிற முஸ்லிம் சகோதரர்களுக்கும் அதே ஏற்பாடுதான். காசு குறைக்காமல் செய்ய வேண்டும், அதுதான் முக்கியம்.

இன்னொன்று: இவை தூசியைத்தான் தடுக்கும், அமோனியாவைத் தடுக்காது. அமோனியா வாயு, வடிகட்டித் துணிக்குள்ளால் அப்படியே போகும். கண் எரிந்தால் வெளியே வந்து திரைகளைத் திறந்து காற்றோட விட வேண்டும். மூக்கை நம்பாதீர்கள். கொஞ்ச நேரம் நின்றால் மூக்குக்கு அந்த நாற்றம் பழகிவிடும்.

---

முழங்காவில் அக்கா எழுதியது:

அந்த முகக்கவசத்தை யார் வாங்கிக் கொடுப்பது? நாட்கூலியில் அதை வாங்கினால் வீட்டுக்கு மரக்கறி வாங்க என்ன மிஞ்சும்?

---

கனகராயன்குளத்துப் பண்ணை எழுதியது:

நான் வாங்கிக் கொடுக்கிறேன் அக்கா, அதில் கேள்வியே இல்லை. ஆனால் ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். எங்களைப் போன்றவர்கள் ஒப்பந்த வளர்ப்பில் இருக்கிறோம். குஞ்சும் தீனும் மருந்தும் நிறுவனம் தரும், கொட்டிலும் உழைப்பும் எங்களுடையவை. கோழி ஏற்றி முடிந்ததும் கணக்குப் பார்த்து மிச்சத்தைத் தருவார்கள். அந்தக் கணக்கில் குஞ்சுக்குத் தடுப்பு மருந்து என்று ஒரு வரி இருக்கிறது. உள்ளே நிற்கிற மனிதருக்கு என்று ஒரு வரியும் இல்லை. வெளிக்கள உத்தியோகத்தரிடம் நான் கேட்டேன். “அது உங்கள் பொறுப்பு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோழி செத்தால் ஓடி வருகிறவர்கள் இதையும் பார்க்க வேண்டாமா? ஒப்பந்த விவசாயிகள் ஒன்றாகச் சேர்ந்து, முகக்கவசச் செலவை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

---

கால்நடைப் பக்கம் எழுதியது:

சேர்ந்து கேளுங்கள், தனியாகக் கேட்டால் நடக்காது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இலங்கையில் 1934ஆம் ஆண்டிலிருந்தே தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. விபத்தோடு தொழிலால் வருகிற சில நோய்களும் அதில் அடங்கும். ஒருவருக்கு நெஞ்சு வருத்தம் வந்து, அது வேலையால் வந்தது என்று நிறுவ வேண்டிய நாள் வந்தால், கையில் காகிதம் வேண்டும். ஆகவே கிளினிக் கொப்பியில் தொழிலை “கோழிப் பண்ணை வேலை” என்றே எழுதச் சொல்லுங்கள். யார் எந்தத் தேதியில் கொட்டிலில் வேலை செய்தார் என்று பண்ணைக்காரரும் ஒரு கொப்பியில் குறித்து வைக்கட்டும். தொழிலாளிக்கும் பண்ணைக்காரருக்கும் அது பாதுகாப்பு.

---

விசுவமடு 09 எழுதியது:

எனக்கு ஒரு தனிப்பட்ட கேள்வி. கடைசிச் சண்டையில் காயப்பட்டு, நெஞ்சுக்குள் ஒரு செல் துண்டு இன்னும் இருக்கிறது. அதை எடுக்க வேண்டாம் என்று வைத்தியர்கள் அப்போது சொல்லிவிட்டார்கள். ஏணியில் ஏறினாலே மூச்சு வாங்கும். வேறு வேலை கிடைக்காததால் முட்டைக் கோழிப் பண்ணை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். என்-95 போட்டால் மூச்சு முட்டுகிறது, கழற்றினால் இருமல் வருகிறது. என்ன செய்யலாம்?

---

இரவுப்பணித் தாதி எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்டது நல்லது. உங்களைப் போலப் பலர் இருக்கிறார்கள், பேசாமல் வேலை செய்கிறார்கள்.

இறுக்கமான முகக்கவசம் மூச்சு இழுப்பதற்குக் கொஞ்சம் தடை கொடுக்கும். நலமான சுவாசப்பைக்கு அது பொருட்டல்ல. ஏற்கெனவே காயப்பட்ட சுவாசப்பைக்கு அது பாரம். ஆகவே முகக்கவசத்தை மட்டும் நம்பித் தூசியில் நிற்பது உங்களுக்குச் சரிவராது. பழைய கிளினிக் துண்டுகளையும் எக்ஸ்ரே படத்தையும் எடுத்துக்கொண்டு மாவட்ட வைத்தியசாலையில் நெஞ்சு நோய் வைத்தியரைப் பாருங்கள். எந்த வேலை செய்யலாம், எது கூடாது என்று எழுத்தில் வாங்குங்கள். முட்டை பொறுக்குவது, தரம் பிரிப்பது, கணக்கு எழுதுவது, பண்ணைக்கு வெளியே தண்ணீர்த் தாங்கி பார்ப்பது போன்ற வேலைகளைக் கேளுங்கள். எரு அள்ளுவது, கூடு துடைப்பது, தீன் கலப்பது வேண்டவே வேண்டாம். பீடி, சிகரெட் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

இதை வாசிக்கிற பண்ணைக்காரர்களுக்கும் சொல்கிறேன். ஆளை வேலைக்கு எடுக்கும்போதே “தொய்வு இருக்கிறதா, நெஞ்சில் காயம் இருக்கிறதா, பழைய காசநோய் உண்டா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். வேலையை மறுப்பதற்காகக் கேட்காதீர்கள். எந்த வேலையைக் கொடுப்பது என்று தீர்மானிப்பதற்காகக் கேளுங்கள். மறுப்பார்கள் என்று பயந்தால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

---

விசுவமடு 09 எழுதியது:

நன்றி அக்கா. துண்டுகளை எடுத்து வைத்துவிட்டேன். வருகிற கிளினிக் நாளில் போகிறேன்.

---

கனகராயன்குளத்துப் பண்ணை எழுதியது:

இந்தத் தொகுதிக் கோழி போய்விட்டது. சொன்னபடி செய்து பார்த்தோம், நடந்ததை எழுதுகிறேன்.

முதல் நாள் மாலை புதுத் தாங்கியால் தெளித்தோம். விடிய ஆறு மணிக்கெல்லாம் திரைகளைச் சுருட்டிக் கட்டிவிட்டுத் தொடங்கினோம். தும்புத்தடியை எடுக்கவே இல்லை, மண்வெட்டியால் தள்ளினோம். வழக்கமாக எழும்புகிற தூசி மண்டலம் எழும்பவில்லை. வாசலில் நின்று உள்ளே நிற்பவரின் முகத்தைப் பார்க்க முடிந்தது. சாக்கின் வாயைப் பிடிக்க ஆள் நிறுத்தாமல், பழைய இரும்புக் கம்பியை வளைத்து நாலு கால் வைத்து ஒரு தாங்கு செய்தோம். சாக்கை அதில் மாட்டிவிட்டுக் கொட்டினோம். யாரும் அதன் மேல் குனிந்து நிற்கத் தேவையில்லை. பிள்ளைகள் கொட்டிலுக்குள் வரக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அந்த அக்காவுக்கு இந்த முறை காய்ச்சல் வரவில்லை. கிளினிக்குக்கும் போகச் சொல்லியிருக்கிறேன், வாகனச் செலவு என்னுடையது.

குறையும் இருக்கிறது. கொட்டிலின் நடுப்பகுதியில் தண்ணீர் சரியாகப் பிடிக்கவில்லை, அந்த இடத்தில் தூசி வந்தது. ஒன்பது மணிக்குப் பிறகு வெக்கையில் முகக்கவசத்தைத் தாங்க முடியாமல் இருவர் உள்ளேயே கழற்றினார்கள். மற்றது, எருவை லொறியில் ஏற்றும்போது மேலே நின்று அடுக்குகிறவருக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களுக்குப் போகிற எரு, ஏ9 வீதி முழுவதும் அவர் அந்தச் சாக்குகளின் மேல் உட்கார்ந்துதான் போகிறார். முகக்கவசத்தைக் கழுவித் திரும்பப் பாவிக்கலாமா என்றும் கேட்கிறார்கள்.

---

வட்டக்கச்சியான் எழுதியது:

கழுவக் கூடாது. தண்ணீர் பட்டால் அதன் வடிகட்டும் சக்தி போய்விடும். மூச்சு இழுக்கக் கடினமானாலோ, உள்ளே நனைந்தாலோ, பட்டி தளர்ந்தாலோ எறிந்துவிட்டுப் புதியது கொடுங்கள். வெக்கைக்கு வழி, வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பதுதான். கொஞ்ச நேரம் உள்ளே, பிறகு மர நிழலில் வந்து கழற்றித் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி உள்ளே. கழற்றுவது எப்போதும் வெளியில், காற்றுக்கு மேற்பக்கமாக. ஒன்பது மணிக்கு மேல் அன்றைய வேலையை நிறுத்திவிட்டு மறுநாள் விடியத் தொடருங்கள். இரண்டு நாள் கூலி ஆகும், ஆனாலும் செய்யுங்கள்.

---

கால்நடைப் பக்கம் எழுதியது:

நடுப்பகுதிக்குத் தண்ணீர் பிடிக்காததற்குக் காரணம் அங்கே உமி இறுகிப் பலகையாக நிற்பது. தெளிப்பதற்கு முன் நீளப்பிடி வைத்த தோட்ட முட்கரண்டியால் மெல்லக் கிளறிவிட்டுத் தெளியுங்கள், கிளறுகிறவர் முகக்கவசம் அணிந்திருக்க வேண்டும். அடுத்த தொகுதியில் கோழி இருக்கும்போதே கிழமைக்கு ஒருமுறையாவது கிளறிவிட்டால் அப்படி இறுகாது.

லொறி விடயத்தில், சாக்குகளின் வாயை நன்றாகத் தைத்து, மேலே தறப்பாள் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். அடுக்குகிறவர் முன் ஆசனத்தில் இருந்து போகட்டும், அதற்கு முன் உடுப்பை மாற்றிக்கொள்ளட்டும். உடுப்பு மாற்றும் ஒழுங்கு எல்லோருக்கும் வேண்டும். தூசி படிந்த உடுப்போடு வீட்டுக்குப் போனால் கைக்குழந்தை அதைத்தான் கட்டிப்பிடிக்கும். பண்ணையிலேயே ஒரு மறைப்புக் கட்டி, சவர்க்காரமும் ஒரு வாளி தண்ணீரும் வைத்து, மாற்றுடுப்பைத் தொங்கவிட ஒரு கயிறும் கட்டுங்கள்.

---

முழங்காவில் அக்கா எழுதியது:

அந்தக் கம்பித் தாங்கின் படம் ஒன்று போடுங்கள் தம்பி. உயரம் எவ்வளவு வைத்தீர்கள் என்றும் எழுதுங்கள். இங்கே ஒட்டு வேலை செய்கிற ஒருவரிடம் காட்டிச் செய்யக் கேட்கப் போகிறோம்.

---

கனகராயன்குளத்துப் பண்ணை எழுதியது:

நாளை காலையில் படம் போடுகிறேன் அக்கா. உயரம் சாக்கின் உயரத்தை விட நாலு விரல் குறைவு. சாக்கின் அடி தரையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பாரத்தில் வாய் கிழிந்துவிடும். மேல் வளையத்தில் சாக்கை மடித்துப் போட்டு, இரண்டு துணி உலர்த்தும் கிளிப் மாட்டினால் போதும்.